பொக்லைன் வண்டியை சைட்டுக்குக் கொண்டுபோக எது சரி: ஓட்டியா, லாரியிலா, லோபெட்டிலா, அங்கேயே வாடகைக்கா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடிப் பக்கம் கண்மாய் வேலை கிடைத்திருக்கிறது, வண்டி நிற்பதோ உச்சிப்புளியில். ஓட்டியே கொண்டுபோய்விடலாமா, லாரி பிடிக்கலாமா, லோபெட் (தளம் தாழ்ந்த டிரெய்லர்) சொல்லலாமா? கோடையில் கண்மாய்கள் வற்றியதும் ஒற்றை வண்டி வைத்துத் தொழில் செய்கிறவர்களும் சின்ன கான்ட்ராக்டர்களும் கேட்கிற கேள்வி இது. கேட்கும்போதே பெரும்பாலானவர்கள் மனதில் வாடகைத் தொகைதான் ஓடிக்கொண்டிருக்கும். வாடகையைக் கடைசியில் பாருங்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

## முதலில் கையில் எடுக்க வேண்டிய கணக்கு

வண்டி டயரா, செயினா என்பதில் பாதி முடிவு வந்துவிடும். ஜேசிபி 3டிஎக்ஸ் மாதிரி டயர் வண்டி ஏறத்தாழ ஏழரை டன். சாலையில் தானே ஓடும். செயின் வண்டி இரும்புத் தடத்தில் நகர்வது. தார்ச்சாலையில் அதை ஓட்டவே கூடாது. சாலையும் கெடும், செயினும் தேயும்.

அடுத்தது எடை, அகலம், உயரம். 20 டன் செயின் வண்டியின் அகலம் 2.8 மீட்டரில் தொடங்கி 3 மீட்டர் வரை வரும். பூமை (தோண்டும் நீளக் கையை) மடக்கி வைத்தாலும் உயரம் சுமார் 3 மீட்டர். சரக்கு வாகனத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் அகலம் 2.6 மீட்டர். ஆக, 20 டன் வண்டியை எதில் ஏற்றினாலும் அது அளவுக்கு மீறிய சரக்குதான்.

மூன்றாவது, வழி. நம் மாவட்டத்தில் ஒரே பயணத்தில் மூன்று விதமான தரை வந்துவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலை நல்ல தார். அதை விட்டு இறங்கினால் பனங்காட்டு மணல். முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் திரும்பினால் கரிசல். ஐப்பசி கார்த்திகை மழையில் கரிசல் என்ன செய்யும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடைசி இரண்டு கிலோமீட்டர் கண்மாய்க் கரை மேல் என்றால், அந்தக் கரையும் வழியில் மிகை நீர் வெளியேறும் கலுங்குப் பாலமும் எவ்வளவு எடை தாங்கும் என்று நீர்வளத் துறை ஆட்களிடம் கேட்காமல் கிளம்பாதீர்கள்.

நான்காவது, சைட்டில் எத்தனை மணி நேர வேலை இருக்கிறது. ஐந்தாவது, பேப்பரும் இன்சூரன்ஸும். இவை எல்லாம் தெரிந்த பிறகு வாடகையைப் பேசுங்கள்.

## ஓட்டிச் செல்வது

டயர் வண்டிக்கு மட்டும் உள்ள வழி. ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம், கீழக்கரை போன்ற பக்கத்து இடங்களுக்கு இதைவிடச் சுலபமானது இல்லை. ஏற்றி இறக்கும் ஆபத்து கிடையாது, யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், காலையில் கிளம்பினால் டீ நேரத்துக்குள் வேலை தொடங்கிவிடும். என் கணக்கில் 25 கிலோமீட்டர் வரை ஓட்டிப் போவதுதான் சரி. அதற்கு மேல் போனால் கண்ணுக்குத் தெரியாத செலவு ஏறத் தொடங்கும்.

அது எந்தச் செலவு என்றால், ஜேசிபி டயரின் பட்டைகள் மண்ணைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டவை. சித்திரை வெயிலில் கொதிக்கிற தாரில் இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓடினால் டயர் சூடேறித் தேயும். சாலையில் ஓடும் நேரமும் இன்ஜின் மணிக் கணக்கில்தான் ஏறுகிறது, சர்வீஸ் அந்த அளவுக்கு முன்னால் வரும். வேகம் அதிகபட்சம் மணிக்கு 40 கிலோமீட்டர். நடைமுறையில் 25, 30தான். உச்சிப்புளியிலிருந்து சாயல்குடிக்கு எழுபது கிலோமீட்டர் அளவில் வரும். இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது, திரும்பி வரவும் அதே நேரம். அந்த ஐந்து மணி நேர டீசலும் தேய்மானமும் உங்கள் கணக்கு.

ஓட்டிப் போவதென்றால் கிளம்பும் முன் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள். ஜேசிபியில் பிரேக் பெடல் இரண்டு, இடப் பக்கச் சக்கரத்துக்கு ஒன்று, வலப் பக்கத்துக்கு ஒன்று. சைட்டில் சட்டென்று திரும்ப இது உதவும். சாலையில் அப்படியே விட்டு, அவசரத்தில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கமே இழுத்துத் திரும்பிவிடும். இரண்டு பெடலையும் சேர்த்துப் பூட்ட ஒரு சின்னத் தகடு பெடலிலேயே இருக்கிறது. பழைய வண்டிகளில் அது வளைந்தோ துருப்பிடித்தோ ஒட்டிப்போய் இருக்கும். குனிந்து கையால் தள்ளிப் பார்த்து, இரண்டும் ஒன்றாகவே இறங்குகிறதா என்று மிதித்துப் பார்த்த பிறகே கேட்டைத் தாண்டுங்கள்.

பின்பக்க பூம் பூட்டும், பூம் பக்கவாட்டில் திரும்பாமல் தடுக்கும் ஸ்லூ பின்னும் போட்டிருக்க வேண்டும். நிற்கும் கால்கள் முழுதாக மேலே ஏறியிருக்க வேண்டும். முன் பக்கெட்டைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம். அதன் பற்கள் இருசக்கர வாகனத்தில் வருகிறவரின் நெஞ்சு மட்டத்தில் நீட்டிக்கொண்டு போவது நம் சாலைகளில் அன்றாடக் காட்சியாகிவிட்டது. பற்களுக்கு ஒரு மூடி வெல்டிங் பட்டறையில் செய்து மாட்டிக்கொள்ளுங்கள். ஆகிற செலவு அற்பம், காப்பது உயிரை.

ஆர்.சி., மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், ஆபரேட்டரின் உரிமம் மூன்றும் நடப்பில் இருக்க வேண்டும். ஹெல்பரை மட்கார்டில் உட்காரவைத்து அழைத்துப் போகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த வண்டியில் இருப்பது ஒரே இருக்கை. ஹெல்பர் பஸ்ஸில் வரட்டும்.

## லாரியில் ஏற்றிச் செல்வது

பத்து டயர் லாரி எந்த ஊரிலும் கிடைக்கும், லோபெட்டைவிட வாடகையும் குறைவு. அதனால் ஆசை வருகிறது. எந்த வண்டிக்கு இது பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று எண்ணை வைத்தே பார்ப்போம்.

பத்து டயர் லாரிக்குச் சரக்கோடு சேர்த்து அனுமதித்த மொத்த எடை 28.5 டன். லாரியின் சொந்த எடை பத்து டன்னுக்குக் குறையாது. மிச்சம் அதிகபட்சம் 18.5 டன்தான். 20 டன் வண்டி அங்கேயே அடிபட்டுப் போகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி அதிக எடைக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அகலமோ உயரமோ மீறி நீட்டிக்கொண்டிருந்தால் அதற்குத் தனியாக 20,000. சரக்கை அங்கேயே இறக்கும் செலவும் நம் தலையில்தான். நடுவழியில் 20 டன்னை இறக்க கிரேனுக்கு எங்கே போவது?

அபராதத்தைவிடப் பெரிய கவலை ஏற்றும்போதுதான். வண்டித் தயாரிப்பாளர்களின் கையேடுகள், வண்டி ஏறும் சாய்தளமான ராம்ப்பின் சரிவு 15 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. லாரித் தளம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம் என்றால், அந்தச் சரிவுக்கு ராம்ப் ஏறக்குறைய 5.8 மீட்டர் நீளம் வேண்டும். எந்த லாரிக்காரர் அவ்வளவு நீள ராம்ப்பைச் சுமந்துகொண்டு வருகிறார்? அதனால்தான் மண்ணைக் குவித்து மேடு போடுகிறார்கள், இல்லை கண்மாய்க் கரையில் லாரியைப் பின்னால் ஒட்டி நிறுத்துகிறார்கள். கடற்கரை மணலில் போட்ட மேடு செயின் ஏற ஏறச் சரியும். கரை விளிம்பும் அப்படித்தான். மேலே புல் பிடித்து உறுதியாகத் தெரியும், உள்ளே எலி வளையும் கருவேல வேர் பிடுங்கிய பொந்தும் இருக்கும்.

இன்னும் மோசமானது, மேடே இல்லாமல் பக்கெட்டை லாரித் தளத்தில் ஊன்றி, பூம் பலத்தில் வண்டி தன்னைத்தானே தூக்கிக்கொண்டு ஏறுவது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும், வீடியோ எடுப்பார்கள். ஒரு ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்தாலோ, ஈரச் செயின் இரும்புத் தளத்தில் ஒரு சாண் வழுக்கினாலோ வண்டி பக்கவாட்டில் சாயும். ஆபரேட்டருக்குத் தப்பிக்க நேரம் இருக்காது. எத்தனை திறமையான ஆபரேட்டரானாலும் இதைச் செய்யச் சொல்லாதீர்கள். அவராகவே முன்வந்தாலும் தடுங்கள்.

அப்படியானால் லாரி வேண்டவே வேண்டாமா? மூன்று முதல் ஐந்து டன் வரையுள்ள மினி வண்டிகளுக்கு லாரி நல்ல வழி. தளம் தாழ்ந்த சின்ன லாரி, அதற்கென்று செய்த ராம்ப், தளத்தில் வெல்டிங் செய்த கட்டும் வளையங்கள் இருந்தால் தாராளமாகப் போகலாம். கழிவுநீர்க் குழாய், தண்ணீர்க் குழாய் வேலைக்குத் தெருத் தெருவாக மாறுகிறவர்களுக்கு லோபெட் தேவையில்லை. லோபெட் அந்தத் தெருக்களில் திரும்பவும் முடியாது. ஏழு டன் வண்டியை எடை தாங்கும் லாரியில் ஏற்றலாம். ஆனால் ராம்ப் நீளக் கணக்கு அதற்கும் உண்டு. அதில் சமரசம் கூடாது.

## லோபெட்

20 டன் வண்டிக்கு இதைத் தவிர வேறு வழி இல்லை. தளம் தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் என்றால் நாலு மீட்டர் ராம்ப்பே போதும். எடை பல அச்சுகளில் பரவுகிறது, ஈர்ப்பு மையமும் தாழ்கிறது. மூன்று மீட்டர் உயர வண்டி மேலே நின்றால் மொத்தம் நான்கு மீட்டர் வரும். ஏற்றி முடித்ததும் டேப்பை எடுத்து, தரையிலிருந்து உச்சிவரை அளந்துகொள்ளுங்கள். உச்சி என்பது பெரும்பாலும் பூம் வளைவாக இருக்கும், சில வண்டிகளில் கேபின் மேலுள்ள சுழல் விளக்கு. அந்த அளவை ஒரு தாளில் எழுதி டிரைவர் முன்னால் ஒட்டிவிடுங்கள்.

தெருவைக் கடக்கும் தாழ்வழுத்த மின்கம்பி 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. நான்கு மீட்டர் சரக்குக்கு அது தாராளம். ஆனால் கடலோர ஊர்களில் சாய்ந்த கம்பத்துக்கும் தொய்ந்த கம்பிக்கும் பஞ்சமில்லை. வீட்டுக்கு இழுத்த சர்வீஸ் ஒயரும் கேபிள் டிவி ஒயரும் அதைவிடத் தாழ்வாகத் தொங்கும். திருவிழா நாட்களில் அலங்கார வளைவு வேறு. முந்தின நாள் பைக்கில் ஒருவர் வழி முழுக்கப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். கம்பி தொய்ந்திருந்தால் மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகு கடக்கலாம். கழியால் கம்பியைத் தூக்கிப் பிடிப்பது உயிரோடு விளையாட்டு. தப்பித்தவறி உரசிவிட்டால் டிரைவர் கேபினை விட்டு இறங்கவே கூடாது, வெளியே நிற்பவர்கள் கிட்டே வரக் கூடாது. தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, அப்படியே சேர்த்த காலோடு தத்தித் தத்தி விலக வேண்டும்.

தளம் தாழ்ந்திருப்பதே லோபெட்டுக்குப் பலவீனமும் ஆகும் இடம் ரயில்வே கேட். ராமேசுவரம் பாதையை ஒட்டிய ஊர்களில் தண்டவாளம் மேடாகவும் சாலை இரு பக்கமும் சரிவாகவும் இருக்கும் கேட்டுகளில் லோபெட்டின் வயிறு தட்டி நின்றுவிடலாம். தண்டவாளத்தின் மேல் 20 டன்னோடு மாட்டுவதைக் கற்பனைகூடச் செய்ய வேண்டாம். சந்தேகம் இருந்தால் கேட் கீப்பரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், சுற்றுவழி இருந்தால் அதில் போங்கள்.

கட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கம் உப்புக்காற்று. சங்கிலி எவ்வளவு கனமானது என்பதைவிட எந்த நிலையில் இருக்கிறது என்பது முக்கியம். ஒரு முழம் சங்கிலியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் உட்பக்கத்தில் துரு செதிலாக உரிந்து வந்தால், குழி விழுந்திருந்தால், கொக்கியின் வாய் விரிந்திருந்தால் அது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 10 மில்லிமீட்டர் கிரேடு 80 சங்கிலி ஒன்றின் பாதுகாப்பான தாங்கு திறன் 3.15 டன். நான்கு மூலைக்கு நான்கு போட்டால் 12.6 டன். கட்டுகள் எல்லாம் சேர்ந்து சரக்கின் எடையில் பாதியாவது தாங்க வேண்டும் என்ற கணக்குக்கு 20 டன் வண்டியில் இது போதும். பக்கெட்டுக்கும் ஆர்முக்கும் தனியாக ஒன்று. பக்கெட் மரக்கட்டை மேல் உட்கார வேண்டும், சுழலும் பகுதி பூட்டியிருக்க வேண்டும், பேட்டரி சுவிட்சை அணைத்துவிட வேண்டும். ஏற்றும் முன் செயினில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிவிடுங்கள். காய்ந்த சேறு வழியில் உதிரும்போது கட்டும் தளர்ந்துபோகும். அதனால் கிளம்பிய முதல் டீக்கடையில் நிறுத்தி மறுபடி இறுக்குவது கட்டாயம்.

செலவு? பேசிய வாடகை ஒன்று, கொடுப்பது வேறு. லோபெட் நம் ஊரில் இல்லாமல் மதுரையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வந்தால் காலியாக வரும் தூரமும் நம் கணக்கில் ஏறும். சைட் தயாராக இல்லையென்றால் வெயிட்டிங். டிரைவர் பேட்டா, முன்னால் போகும் பைலட் வண்டி, டோல். அப்புறம் அனுமதி: அளவுக்கு மீறிய சரக்கு தேசிய நெடுஞ்சாலையில் போக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் இணையத்தில் அனுமதி வாங்க வேண்டும். வாங்குவது லோபெட்காரர் பொறுப்பு என்றாலும் நகல் உங்கள் கையில் இருக்கட்டும். இன்சூரன்ஸில் ஒரு பள்ளம் இருக்கிறது. கான்ட்ராக்டர் இயந்திர பாலிசி பல நேரம் சைட்டில் நிற்கும் வண்டியைத்தான் காக்கும். பயணத்துக்குத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். ஏஜென்டிடம் வாய்வார்த்தையாகக் கேட்காமல் பாலிசியில் எந்த வரி என்று காட்டச் சொல்லுங்கள்.

நேரமும் முக்கியம். இரவில் போனால் சோதனை இருக்காது என்று சிலர் சொல்வார்கள். இரவில் கடற்கரைச் சாலையில் மீன் லாரிகள் பறக்கும், மாடுகள் தார்ச் சூட்டுக்குச் சாலையிலேயே படுத்திருக்கும். விடிந்ததும் கிளம்பி வெயில் ஏறும் முன் சேர்வதே நல்லது. ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் ராமேசுவரம், தேவிபட்டினம், சேதுக்கரை பக்கம் போகவே வேண்டாம். இம்மானுவேல் சேகரன் நினைவு நாளான செப்டம்பர் 11-ஐ ஒட்டிப் பரமக்குடியிலும் தேவர் ஜெயந்தியான அக்டோபர் 30-ஐ ஒட்டிக் கமுதி, பசும்பொன் பக்கமும் போக்குவரத்துக் கட்டுப்பாடு இருக்கும். அந்த நாட்களை விட்டுத் தேதி குறியுங்கள்.

## அங்கேயே வாடகைக்கு எடுப்பது

சொந்த வண்டி இருக்கும்போது இன்னொருவர் வண்டியை வாடகைக்கு எடுக்க மனசு வராது. மனசை ஒதுக்கிவிட்டு ஒரு கணக்குப் போடுங்கள். லோபெட் போக வர எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சைட்டில் 40 மணி நேர வேலை என்றால் மணிக்கு ஆயிரம் ரூபாய் போக்குவரத்துக்கே போகிறது. 200 மணி நேர வேலை என்றால் மணிக்கு இருநூறுதான். இந்தத் தொகையை உங்கள் வண்டியின் டீசல், ஆபரேட்டர், தேய்மானத்தோடு கூட்டி, அந்த ஊர் வாடகையோடு ஒப்பிடுங்கள். சின்ன வேலைக்கு வாடகை வண்டியே பல நேரம் முந்தும். சாலையில் ஒரு கனரகப் பயணமும் குறைகிறது.

இதிலும் மறைந்திருக்கும் செலவு உண்டு. டீசலோடா, இல்லாமலா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். குறைந்தபட்ச மணி எத்தனை, வண்டி சைட்டுக்கு ஓடிவரும் நேரத்துக்கும் காசா என்று கேளுங்கள். காலையில் மணி மீட்டரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பக்கெட் பல் மழுங்கி, பின்கள் ஆடுகிற வண்டி என்றால் வாடகை குறைவாக இருந்தும் பயனில்லை. எட்டு மணி வேலையைப் பத்து மணி இழுக்கும்.

## பாம்பன் தாண்டி வேலை என்றால்

ராமேசுவரம் தீவுக்குச் சாலை வழி ஒன்றுதான், 1988-இல் திறந்த அன்னை இந்திரா காந்தி பாலம். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், இரண்டு பக்கமும் கடல், ரயில் பாலத்தைப் பார்க்க நடுவில் நிறுத்தி இறங்கி நிற்கும் சுற்றுலாப் பயணிகள். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் பக்கவாட்டுக் காற்று உயரமான சரக்கைத் தள்ளும். அதனால் தீவுக்குள் வீட்டு அஸ்திவாரம், செப்டிக் டேங்க் குழி மாதிரி வேலை என்றால் ராமேசுவரத்திலேயே ஜேசிபி பிடியுங்கள், சொந்த வண்டியைக் கொண்டுபோக வேண்டாம். மாதக் கணக்கில் நடக்கும் வேலை, 20 டன் வண்டிதான் வேண்டும் என்றால் லோபெட். காற்று அடங்கிய அதிகாலை, சனி ஞாயிறு தவிர்த்து, முன்னும் பின்னும் ஒரு வண்டி, பாலத்தின் மேல் எங்கேயும் நிறுத்தாமல் ஒரே வேகம்.

தனுஷ்கோடிச் சாலையில் காற்றுக் காலத்தில் மணல் ஏறிக் கிடக்கும், ஓரத்தில் ஒதுங்கினால் சக்கரம் புதையும். அங்கே லோபெட்டைத் திருப்ப இடம் எங்கே என்று முன்பே பார்த்து வைக்காமல் ஏற்றாதீர்கள். இடம் இல்லையென்றால் கெட்டித் தரை உள்ள இடத்திலேயே இறக்கிவிட்டு, செயின் வண்டிக்கு அடியில் பழைய டயர் பரப்பி மெதுவாக நகர்த்திக்கொள்ளலாம். அதற்கு ஆகும் கூடுதல் நேரத்தை லோபெட்காரரிடம் முன்பே சொல்லி, வெயிட்டிங் இல்லாமல் பேசி முடித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.